நீளமான கோப்பில் அத்தியாயத்தை இழுத்து நகர்த்துவது: பிடித்தால் ஓடுகிறது, விட்டால் தப்பான இடத்தில் விழுகிறது

#1 குறுக்குத்துறை

வேர்ட் 2016. ஒரே கோப்பு, 412 பக்கம். தாமிரபரணி அணைக்கட்டுகள் பற்றிய தொகுப்பு. எட்டு அணைக்கட்டுக்கு எட்டு அத்தியாயம். இப்போது அகரவரிசையில் கிடக்கிறது: அரியநாயகிபுரம், கன்னடியன், கோடைமேலழகியான், சுத்தமல்லி, நதியுண்ணி, பழவூர், மருதூர், ஸ்ரீவைகுண்டம். ஆற்றுப் போக்கில், மேலிருந்து கீழாக வர வேண்டும்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம்.

ஒரு அத்தியாயம் 40 முதல் 60 பக்கம். முழுசாகத் தேர்வு செய்து மவுஸில் பிடித்து இழுத்தால், திரை விளிம்பைத் தொட்டதுமே கோப்பு தறிகெட்டு ஓடுகிறது. வேண்டிய இடம் வந்து நிறுத்துவதற்குள் பத்துப் பக்கம் தாண்டிவிடுகிறது. விரல் நழுவினால் 50 பக்கமும் ஏதோ ஒரு பத்தியின் நடுவில் போய் விழுகிறது. கட் செய்து பேஸ்ட் செய்தாலோ பக்கத் தலைப்பும் பக்க எண்ணும் மாறுகின்றன. இன்னொரு கணினியில் லிப்ரே ஆபிஸ் இருக்கிறது, அதிலும் வேலை நடக்க வேண்டும். இழுப்பதை ஒழுங்காகச் செய்ய வழி உண்டா?

#2 வண்ணார்பேட்டை டிடிபி

அண்ணாச்சி, எழுத்தை இழுக்காதிய. தலைப்பை இழுங்க.

எடுக்கிற இடமும் வைக்கிற இடமும் ஒரே திரையில் தெரிந்தால்தான் இழுப்பு சரியாக வரும். 50 பக்கம் தள்ளி இருக்கிற இடத்துக்கு மவுஸ் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி போவது நடக்கிற காரியமில்லை. அதற்குத்தான் நேவிகேஷன் பேன்.

வியூ மெனுவில் ‘நேவிகேஷன் பேன்’ என்பதற்கு டிக் போடுங்க. இடப்பக்கம் தலைப்புப் பட்டியல் வரும். ஏதாவது ஒரு தலைப்பின்மேல் ரைட் கிளிக், ‘ஷோ ஹெட்டிங் லெவல்ஸ்’, அதில் ‘ஷோ ஹெட்டிங் 1’. இப்போது 412 பக்கமும் ஒன்பது பத்து வரியாகச் சுருங்கிவிடும். ஒரு வரியைப் பிடித்து இழுத்தால் குறுக்கே ஒரு கோடு நகரும். கோடு நிற்கிற இடத்தில் விட்டால், அந்த அத்தியாயம் உட்தலைப்பு, அட்டவணை, அடிக்குறிப்பு எல்லாவற்றோடும் அங்கே போய் உட்காரும். தப்பாகப் போனால் கண்ட்ரோல் இசட் ஒரே தடவை.

பட்டியல் காலியாக வந்தால், தலைப்புகளுக்கு ஹெட்டிங் ஸ்டைல் போடவில்லை என்று அர்த்தம். போல்டு போட்டு 16 பாயிண்ட் வைத்து நடுவில் நிறுத்தியது நம் கண்ணுக்குத்தான் தலைப்பு, வேர்டுக்கு அது வெறும் பத்தி. ஒவ்வொன்றாகப் போய் மாற்ற வேண்டாம். ஒரு தலைப்பில் கர்சரை வைத்து, ஹோம் மெனுவின் வலது ஓரத்தில் ‘செலக்ட்’, அதில் ‘செலக்ட் டெக்ஸ்ட் வித் சிமிலர் ஃபார்மேட்டிங்’. ஒரே மாதிரி அலங்காரம் உள்ள எல்லாம் தேர்வாகிவிடும். உடனே கண்ட்ரோல் ஆல்ட் 1 அடித்தால் ஹெட்டிங் 1. உட்தலைப்புகளுக்கு இதே மாதிரி கண்ட்ரோல் ஆல்ட் 2. தட்டச்சு செய்தவர் ஒன்றுக்கு 16, இன்னொன்றுக்கு 15.5 என்று வைத்திருந்தால் சிலது விட்டுப்போகும், பாத்துக்கிடுங்க.

அட்டவணைக்குள்ளும் டெக்ஸ்ட் பாக்ஸுக்குள்ளும் இருக்கிற தலைப்பு ஸ்டைல் போட்டாலும் அந்தப் பட்டியலில் வராது. அலங்காரப் பெட்டிக்குள் அத்தியாயப் பெயரை வைக்கிற பழக்கம் நம்ம ஊர் மலர், சிறப்பிதழ் வேலைகளில் நிறைய. பெட்டி வேண்டுமென்றால் தலைப்பை சாதாரணப் பத்தியாக்கி, ஸ்டைலிலேயே பார்டரும் ஷேடிங்கும் கொடுங்க.

#3 சேரன்மாதேவி செல்வி

எட்டையும் இழுக்க வேண்டாம். ஆற்று வரிசைப்படி எண் கொடுத்துப் பாருங்கள்: கோடைமேலழகியான் 1, நதியுண்ணி 2, கன்னடியன் 3, அரியநாயகிபுரம் 4, பழவூர் 5, சுத்தமல்லி 6, மருதூர் 7, ஸ்ரீவைகுண்டம் 8. இப்போதுள்ள அகரவரிசையை இந்த எண்களால் எழுதினால்

4, 3, 1, 6, 2, 5, 7, 8

இதில் இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போகிற மிக நீளமான கோவை 1, 2, 5, 7, 8. இந்த ஐந்தும் தங்களுக்குள் ஏற்கெனவே சரியான வரிசையில்தான் நிற்கின்றன, தொட வேண்டாம். மிச்சம் 4, 3, 6. ஆக மூன்றே இழுப்பு:

கன்னடியனை நதியுண்ணிக்குக் கீழே,
அரியநாயகிபுரத்தைக் கன்னடியனுக்குக் கீழே,
சுத்தமல்லியைப் பழவூருக்குக் கீழே.

மேலே இருந்து ‘முதலில் வர வேண்டியது எது’ என்று ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டால் இதே வேலைக்கு நாலு இழுப்பு ஆகும். எட்டு அத்தியாயத்தில் வித்தியாசம் சின்னதுதான். 60 தலைப்புள்ள கோப்பில் கணக்கு வேறு. ஒவ்வொரு நகர்த்தலும் செக்‌ஷன் பிரேக்கை (கோப்பைத் தனித்தனி பக்க அமைப்புள்ள பகுதிகளாகப் பிரிக்கும் குறி) கிளறக்கூடியது என்பதால், குறைவாக நகர்த்துவது நல்லது.

#4 தச்சை_மணி

> இடப்பக்கம் தலைப்புப் பட்டியல் வரும்... ஒரு வரியைப் பிடித்து இழுத்தால்

இழுப்பே எதுக்கு? டச்பேடில் இந்த வேலை பார்க்கிறவனுக்குத்தான் அதோட கஷ்டம் தெரியும். விசைப்பலகையில் முடியும்.

ஆல்ட் கண்ட்ரோல் ஓ அடித்தால் அவுட்லைன் வியூ. அங்கே ஆல்ட் ஷிஃப்ட் 1 அடித்தால் முதல்நிலைத் தலைப்புகள் மட்டும் நிற்கும். தலைப்பில் கர்சரை வைத்து ஆல்ட் ஷிஃப்ட் மேல் அம்பு அல்லது கீழ் அம்பு. ஒரு அமுக்கலுக்கு ஒரு அத்தியாயம் தாண்டும், உள்ளே மடங்கியிருக்கிற எல்லாம் கூடவே வரும். முடிந்ததும் ஆல்ட் கண்ட்ரோல் பி, பழைய காட்சிக்கு வந்துவிடலாம். இதே ஆல்ட் ஷிஃப்ட் அம்பை சாதாரணக் காட்சியில், தலைப்பு விரிந்திருக்கும்போது அடித்தால் தலைப்பு வரி மட்டும் தனியாக நகர்ந்து, உடம்பு அங்கேயே கிடக்கும். நிறையப் பேர் விழுகிற குழி இதுதான்.

தலைப்பே இல்லாத பகுதியை, அதாவது ரெண்டு மூன்று பத்தியை மட்டும், தூரமாகக் கொண்டுபோக எஃப்2. தேர்வு செய்து எஃப்2 அடித்தால் கீழே நிலைப்பட்டியில் எங்கே நகர்த்த என்று கேட்கும். கையை எடுத்துவிட்டு நிதானமாக உருட்டிப் போய், இடத்தில் கர்சரை வைத்து என்டர். வேண்டாமென்றால் எஸ்கேப். மடிக்கணினியில் எஃப்என் விசையையும் சேர்த்து அமுக்க வேண்டியிருக்கும். மவுஸ்தான் வேண்டுமென்றால், தேர்வு செய்துவிட்டுப் போக வேண்டிய இடத்தில் கண்ட்ரோலை அமுக்கிக்கொண்டு ரைட் கிளிக். அங்கே போய்விடும்.

அங்கங்கே சிதறிக் கிடக்கிற துண்டுகளை ஒரே இடத்தில் சேர்க்க ஸ்பைக். ஒவ்வொரு துண்டையும் தேர்வு செய்து கண்ட்ரோல் எஃப்3 அடித்துக்கொண்டே போங்க, எடுத்த வரிசையிலேயே உள்ளே சேரும். கடைசியில் கண்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்3 அடித்தால் மொத்தமும் இறங்கும். கிளிப்போர்டை இது தொடாது.

#5 கல்லிடை

டச்பேட் ஆட்களுக்கு ஒரு சின்ன விஷயம். விண்டோஸ் மவுஸ் ப்ராப்பர்ட்டீஸில் ‘கிளிக்லாக்’ என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் பொத்தானைக் கொஞ்ச நேரம் அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிடலாம், பிடித்தது பிடித்தபடி இருக்கும். விட, இன்னொரு தடவை கிளிக். அமுக்க வேண்டிய நேரத்தை அங்கேயே ‘செட்டிங்ஸ்’ பொத்தானில் கூட்டிக் குறைக்கலாம். மணி அண்ணன் சொன்ன கஷ்டம் பாதி இதில் தீரும்.

#6 குறுக்குத்துறை

நேவிகேஷன் பேன் திறந்தேன். ஹெட்டிங் ஸ்டைலும் போட்டாச்சு. ஆனால் கோடைமேலழகியான், நதியுண்ணி, பழவூர் மூன்றும் பட்டியலில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. அந்த அத்தியாயங்கள் பழைய வானவில் எழுத்துருவில் அடித்தவை. பக்கத்தில் தமிழாகத்தான் தெரிகிறது.

#7 வண்ணார்பேட்டை டிடிபி

எதிர்பார்த்ததுதான். வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் கோப்பில் சேமிப்பாகிறது ஆங்கில எழுத்தின் எண்தான், மேலே தமிழ் முகத்தை மட்டும் எழுத்துரு போர்த்துகிறது. பட்டியலோ உங்கள் எழுத்துருவைப் பார்க்காமல் விண்டோஸின் சொந்த எழுத்துருவில் காட்டும். அதனால் முகமூடி கழன்றுவிடுகிறது. தேடலும் இதனாலேயே கிடைக்காது.

இழுக்கிறதுக்கு மட்டும் அவசரமென்றால் தலைப்புகளை மட்டும் யூனிகோடில் மாற்றினால் போதும். மூன்று அத்தியாயத் தலைப்பும் அதன் உட்தலைப்புகளும்தானே, புதிதாகவே அடித்துவிடலாம். அடிக்கும்போது ஹெட்டிங் ஸ்டைலின் எழுத்துருவை மாற்றணும். ஸ்டைலில் ‘மாடிஃபை’, ‘ஃபார்மேட்’, ‘ஃபாண்ட்’. அதில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். தமிழ் யூனிகோடு அந்தப் பகுதியில் உள்ள எழுத்துருவையும் அளவையும்தான் எடுத்துக்கொள்ளும். மேல் பெட்டியில் 18 வைத்தும் தலைப்பு சின்னதாகவே நிற்கிறது என்று புலம்புகிறவர்கள் இதைப் பார்க்காதவர்கள். அந்தப் பகுதியே தெரியவில்லையென்றால், எடிட்டிங் மொழிகளில் தமிழைச் சேர்த்துவிட்டு வேர்டை மூடித் திறங்க.

முழு உரையையும் மாற்றுவதாக இருந்தால் அது தனி வேலை. மாற்றியில் மொத்தமாகப் போட்டால் நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்களும் ‘தமிழாகி’ நாறிவிடும். ஃபைண்ட் பெட்டியில் எழுத்துரு வானவில் என்று மட்டும் கொடுத்து, அந்த எழுத்துருவில் உள்ளதை மட்டும் பிரித்தெடுத்து மாற்றணும். அடிக்குறிப்புகளைத் தனியாகத் தேடணும். மாற்றியபிறகு எழுத்தின் அகலம் மாறும், பக்க எண்ணிக்கையும் மாறும்.

#8 சேரன்மாதேவி செல்வி

அந்த வேலையை நகர்த்திய பிறகு வைத்துக்கொள்ளலாமா?

#9 வண்ணார்பேட்டை டிடிபி

தாராளமாக, அக்கா. வரிசை முதலில், எழுத்துரு பிறகு. பக்க எண்ணைப் பார்த்து எதையும் சரிசெய்வது கடைசியில். ஆனால் வானவில் உரையில் கை வைக்கிறதுக்கு முன்னால் ஆட்டோகரெக்டில் முதல் எழுத்தைப் பெரிதாக்குவதையும் வளைந்த மேற்கோள் குறியையும் நிறுத்திவிடுங்க. பழைய எழுத்துருவில் அது ரெண்டும் எழுத்தையே மாற்றிவிடும்.

#10 அபிஷேகப்பட்டி

ஆய்வேடு வேலையில் தினமும் பார்க்கிற விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இழுப்பது சுலபம். இழுத்தபிறகு எது உடையும் என்பதுதான் வேலை.

முதலில் பக்க எண். செக்‌ஷன் பிரேக் என்பது தனக்கு *முன்னால்* இருக்கும் பகுதியின் அமைப்பைத் தாங்குவது. பக்க அளவு, பக்கத் தலைப்பு, எண் தொடங்கும் இடம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. உங்கள் கோப்பில் இப்போது முதல் அத்தியாயம் அரியநாயகிபுரம். முன்னுரைக்கு ரோமன் எண், அத்தியாயத்துக்கு 1 என்று வைத்திருந்தால், ‘1இல் தொடங்கு’ என்ற கட்டளை அரியநாயகிபுரத்தின் பிரேக்கில்தான் இருக்கும். அதை நான்காம் இடத்துக்கு இழுத்தால் கட்டளையும் கூடவே போகும். புத்தகத்தின் நடுவில் பக்க எண் திடீரென்று 1 ஆகும், கோடைமேலழகியான் ரோமன் எண்ணைத் தொடர்ந்தாலும் தொடரும். எனவே இழுக்குமுன்பே ‘ஃபார்மேட் பேஜ் நம்பர்ஸ்’ போய் அரியநாயகிபுரத்தை ‘கண்டினியூ’ என்று மாற்றுங்கள். இழுத்து முடித்ததும் கோடைமேலழகியானில் ‘ஸ்டார்ட் அட் 1’.

பக்கத் தலைப்பு மாறுவதற்குக் காரணம் ‘லிங்க் டு பிரீவியஸ்’. அது இயங்கும் செக்‌ஷன், தனக்கு முன்னால் யார் இருக்கிறாரோ அவரது தலைப்பை வாங்கிக்கொள்ளும். முன்னால் இருப்பவர் மாறினால் இதுவும் மாறும்.

கோப்பின் கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் முடிவில் பிரேக் இருக்காது. அதன் அமைப்பு கோப்பின் கடைசிப் பத்திக் குறியில் ஒளிந்திருக்கும். கடைசி அத்தியாயத்தை மேலே இழுத்தால் அந்த அமைப்பு கீழேயே தங்கிவிடும், வந்த இடத்தில் பக்கத்து அத்தியாயத்தின் அமைப்பு ஒட்டிக்கொள்ளும். ஸ்ரீவைகுண்டம் இரண்டு வரிசையிலும் கடைசியிலேயே நிற்பதால் உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

உண்மையில் அத்தியாயத்துக்கு ஒரு செக்‌ஷன் என்பதே தேவையில்லை. இரண்டு காரணத்துக்காகத்தான் வைக்கிறார்கள்: புதிய பக்கத்தில் தொடங்க, பக்கத் தலைப்பில் அத்தியாயப் பெயர் வர. முதலாவதற்கு ஹெட்டிங் 1 ஸ்டைலிலேயே பாராகிராஃப், ‘லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ்’, ‘பேஜ் பிரேக் பிஃபோர்’ டிக் போட்டால் போதும். கண்ட்ரோல் என்டர் அடித்துப் பக்கம் உடைத்திருந்தால் அந்த உடைப்பு முந்தைய அத்தியாயத்தின் வாலில் இருக்கும், நகர்த்தும்போது அதனோடு போய் வெற்றுப் பக்கம் பிறக்கும். இரண்டாவதற்கு ஸ்டைல்ரெஃப் புலம்: பக்கத் தலைப்பில் கர்சரை வைத்து இன்செர்ட், ‘குயிக் பார்ட்ஸ்’, ‘ஃபீல்டு’, ஸ்டைல்ரெஃப், ஹெட்டிங் 1. எந்தப் பக்கத்தில் எந்த அத்தியாயம் ஓடுகிறதோ அதன் பெயர் தானாக வரும். இதற்குப் பிறகு எத்தனை முறை இழுத்தாலும் பக்கத் தலைப்பு தடுமாறாது. முன்னுரைக்கும் நூலுக்கும் நடுவில் ஒரே ஒரு செக்‌ஷன் பிரேக் மிஞ்சும், ‘1இல் தொடங்கு’ கவலையும் அதோடு தீரும்.

ஆனால் ஒன்று. அடிக்குறிப்பு எண் ‘ஒவ்வொரு செக்‌ஷனிலும் புதிதாக’ என்று இருந்தால், செக்‌ஷனை எடுத்ததும் எண் நூல் முழுக்க ஒரே தொடராக ஓடத் தொடங்கும். அத்தியாயந்தோறும் 1 முதல் வேண்டும் என்பவர்கள் செக்‌ஷனை விட்டுவைக்கத்தான் வேண்டும்.

அடுத்தது, ‘இந்தப் பக்கம் பார்க்க’ என்பது போன்ற குறுக்குச் சுட்டுகள். கிராஸ் ரெஃபரன்ஸாகச் செருகியவை மறைவான புக்மார்க்கைப் பிடித்திருக்கும். அத்தியாயம் முழுதாக நகர்ந்தால் புக்மார்க்கும் நகரும், கண்ட்ரோல் ஏ, எஃப்9 அடித்தால் எண் திருந்தும். அடிக்குறிப்புக்குள்ளும் டெக்ஸ்ட் பாக்ஸுக்குள்ளும் பக்கத் தலைப்பிலும் இருக்கும் புலங்களுக்கு இது எட்டாது, உள்ளே போய்த் தனியாக எஃப்9 அடிக்க வேண்டும். கையால் தட்டியவை ஒருநாளும் திருந்தாது. ‘முந்தைய அத்தியாயத்தில்’, ‘அடுத்து வரும்’, ‘மேலே கண்ட’, ‘பின்னர் விளக்கப்படும்’ என்று எழுதியிருப்பதையெல்லாம் தேடிப்பிடித்துப் படித்துத்தான் மாற்ற வேண்டும். உங்கள் நூலில் ‘மேலே உள்ள அணைக்கட்டு’ என்று நிஜமாகவே ஆற்றின் மேற்பகுதியைச் சொல்லும் இடங்களும் அகப்படும், அதனால் ‘ரீப்ளேஸ் ஆல்’ பக்கமே போகாதீர்கள்.

#11 தச்சை_மணி

ஸ்டைல்ரெஃப் ஒன்றுக்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கலாம்.

#12 பேட்டை_லிப்ரே

லிப்ரே ஆபிஸ் பக்கம். எஃப்5 அடித்தால் நேவிகேட்டர். ‘ஹெட்டிங்ஸ்’ பகுதியை விரித்து, தலைப்பைப் பிடித்து அந்தப் பட்டியலுக்குள்ளேயே மேலே கீழே இழுத்தால் உட்பகுதியோடு நகரும். மேலே உள்ள அம்புப் பொத்தான்களும் இதே வேலையைச் செய்யும். எத்தனை நிலை தெரிய வேண்டும் என்பதை ‘ஹெட்டிங் லெவல்ஸ் ஷோன்’ என்பதில் 1 ஆக்கிவிட்டுத் தொடங்குங்கள். தவறிப்போய்ப் பட்டியலுக்கு வெளியே, உரைக்குள் இழுத்துவிட்டால் அத்தியாயம் நகராது, இழுப்பு முறை எப்படி வைத்திருக்கிறதோ அதன்படி அங்கே ஒரு ஹைப்பர்லிங்க் முளைக்கும்.

ஒற்றைப் பத்திக்கு கண்ட்ரோல் ஆல்ட் மேல் அம்பு, கீழ் அம்பு. புதிய பக்கத்தில் தொடங்குவதற்குத் தலைப்பு ஸ்டைலில் ‘டெக்ஸ்ட் ஃப்ளோ’ தாவல், ‘பிரேக்ஸ்’.

ஒரே டாக்எக்ஸ் கோப்பை இரண்டிலும் மாற்றி மாற்றித் திறந்து சேமிப்பது வேண்டாம். நகர்த்தும் வேலையை ஏதாவது ஒன்றில் முடியுங்கள். வேர்டில் இத்தனை செக்‌ஷன் இருக்கும்போது வேர்டிலேயே முடிப்பது உத்தமம்.

#13 மத்தளம்பாறை

‘தறிகெட்டு ஓடுகிறது’ என்பதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை. எடிட்டர் மென்பொருள் எழுதுகிற வேலை என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து.

இழுத்துக்கொண்டே விளிம்புக்கு வந்தால் தானாக உருளும் வசதிக்கு விண்டோஸில் இயல்பாக வைத்திருக்கும் அளவுகள் இவை: விளிம்பிலிருந்து 11 பிக்சல் அகலப் பட்டை, அதற்குள் 50 மில்லிசெகண்ட் நின்றால் உருளத் தொடங்கும், பிறகு 50 மில்லிசெகண்டுக்கு ஒரு தரம் உருளும். 11 பிக்சல் என்பது இன்றைய திரையில் நூல் மாதிரி. வேகத்தைக் கைக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்க அதற்குள் இடமே இல்லை. உள்ளே வந்தால் ஓட்டம், வெளியே வந்தால் நிறுத்தம், நடுவில் எதுவும் கிடையாது. இந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்வதும் மாற்றுவதும் அந்தந்த மென்பொருளின் இஷ்டம்.

சொந்தமாக எழுதுகிறவர்கள் செய்ய வேண்டியது: பட்டையை 48 முதல் 64 பிக்சல் ஆக்குங்கள். பட்டையின் உள் ஓரத்தில் மெதுவாகவும் விளிம்பை நெருங்க நெருங்க வேகமாகவும் போகட்டும். ஆழத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வேகம் என்று வைத்தால் கைக்கு நன்றாக அடங்கும், நேர்விகிதத்தில் வைத்தால் நடுவிலேயே வேகம் கூடிவிடும். வேகத்தை ஃபிரேமுக்கு இவ்வளவு பிக்சல் என்று எழுதக்கூடாது, விநாடிக்கு இவ்வளவு என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் 60 ஹெர்ட்ஸ் திரையில் சரியாக இருப்பது 120 ஹெர்ட்ஸ் திரையில் இரட்டை வேகத்தில் ஓடும். தொடங்க 200 முதல் 300 மில்லிசெகண்ட் தாமதம் கொடுங்கள். முக்கியமாக, பிடித்த இடமே பட்டைக்குள் இருந்தால், ஒருமுறை வெளியே வந்துவிட்டுத் திரும்பினால்தான் உருள வேண்டும். திரையின் அடியில் உள்ள தலைப்பைத் தொட்டதுமே கோப்பு ஓடுவது இதைக் கவனிக்காததால்தான். பட்டையை உலாவி ஜன்னலின் விளிம்பிலிருந்து அளக்காமல், உருளும் பெட்டியின் கண்ணுக்குத் தெரியும் பகுதியிலிருந்து அளக்க வேண்டும். மேலே ஒட்டி நிற்கும் மெனுப்பட்டை இருந்தால் அது பட்டையை மூடிவிடும்.

விழும் இடத்தைக் காட்ட ஒரு கோடு போதும். பக்கத்துத் தலைப்புகளை விலக்கி இடைவெளி திறந்து காட்டுவது பார்க்க அழகு, ஆனால் திறந்ததும் எல்லாம் கீழே தள்ளப்பட்டு, மவுஸுக்கு அடியில் வேறு தலைப்பு வந்து, இடைவெளி மூடி, மறுபடி திறந்து நடுங்கும். உயரங்களை இழுப்பின் தொடக்கத்தில் ஒருமுறை அளந்து வைத்து, உருண்ட தூரத்தை மட்டும் கழித்துக்கொண்டே போனால் நடுக்கமும் இல்லை, ஆயிரம் தலைப்பிலும் தாமதம் இல்லை.

மேலும் கீழுமாக நகர்வது இடத்தைச் சொல்லும், இடமும் வலமுமாக நகர்வது நிலையைச் சொல்லட்டும்: 24 பிக்சலுக்கு ஒரு நிலை. ஆனால் எல்லை வேண்டும். விழும் இடத்துக்கு மேலே இருக்கும் தலைப்பின் நிலையைவிட ஒன்றுதான் ஆழமாகப் போகலாம். கீழே இருக்கும் தலைப்பின் நிலையைவிட மேலேறக் கூடாது, ஏறினால் கீழே இருப்பவை அறியாமலே புதிய தாயிடம் போய்விடும். தன் சொந்த உட்தலைப்புக்குள் தானே விழுவதையும் தடுக்க வேண்டும்.

மடங்கிய தலைப்பின்மேல் 600 மில்லிசெகண்ட் போல நின்றால் விரியட்டும். அங்கே விடாமல் தாண்டிப் போனால் தானாக விரிந்ததைத் திரும்ப மடக்குங்கள். இல்லையென்றால் ஒரு இழுப்பு முடிவதற்குள் பட்டியல் முழுக்க விரிந்து, சுருக்கியதன் பயனே போய்விடும். எஸ்கேப் அடித்தால் இழுப்பு ரத்தாவதோடு, உருண்ட இடமும் பழைய நிலைக்கு வர வேண்டும்.

நீளமான பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிற வரிகளை மட்டும் வரைகிற முறை வைத்திருப்பவர்களுக்கு: பிடித்த வரி திரைக்கு வெளியே போனதும் அதைப் பக்கத்திலிருந்து அழித்துவிட்டால், உலாவியின் டிராக்எண்ட் நிகழ்வு வராமலே போகும், இழுப்பு முடிந்ததே தெரியாது. பிடித்த வரியை மட்டும் இழுப்பு முடியும்வரை உயிரோடு வையுங்கள். உலாவியின் சொந்த இழுப்பு முறையை நம்புவதைவிட பாயிண்டர் நிகழ்வுகளில் எழுதுவது மேல். தொடுதிரையில் சொந்த முறை உலாவிக்கு உலாவி வேறுபடும்.

#14 தச்சை_மணி

இவ்வளவும் செய்தாலும் இழுக்க முடியாதவர்கள் இருக்கிறார்களே? கை நடுங்குகிறவர்கள், திரைவாசிப்பான் வைத்து வேலை பார்க்கிறவர்கள். இணையத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான வழிகாட்டு நெறி டபிள்யூசிஏஜி 2.2, 2023 அக்டோபரில் வந்தது, 2.5.7 என்ற விதியே இதற்காக இருக்கிறது. இழுத்துச் செய்கிற எதையும் இழுக்காமல், ஒற்றைச் சுட்டலாலும் செய்ய முடிய வேண்டும் என்கிறது. நிலை ஏஏ, அதாவது மூன்று நிலைகளில் நடுவில் உள்ளது.

#15 மத்தளம்பாறை

சரிதான் அண்ணே. அந்த விதிக்கு விசைப்பலகை வழி மட்டும் வைத்தால் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசைப்பலகைக்கு 2.1.1 தனியாக இருக்கிறது. இது சுட்டி வைத்திருந்தும் இழுக்க முடியாதவர்களுக்கானது. ஒவ்வொரு தலைப்பின் பக்கத்திலும் மேலே, கீழே என்று இரண்டு பொத்தான், குறைந்தது 24க்கு 24 பிக்சல் (அதே 2.2இன் 2.5.8). நீளமான கோப்பில் 40 தடவை ‘கீழே’ அமுக்க வைப்பதும் கொடுமை. ‘நகர்த்து…’ என்று ஒரு மெனு, உள்ளே தலைப்புகளின் பட்டியல், தட்டச்சு செய்தால் வடிகட்டும், ‘இதற்கு முன்’, ‘இதற்குப் பின்’, ‘இதற்குள்’ என்று மூன்று தேர்வு. நன்றாகச் செய்தால் கண்பார்வையும் கையும் சரியாக உள்ளவர்களும் இழுப்பை விட்டுவிட்டு இதற்குத்தான் வருவார்கள். திரைவாசிப்பானுக்கு, நகர்ந்ததும் ‘கன்னடியன், 8இல் 3ஆம் இடம்’ என்று நேரடி அறிவிப்புப் பகுதியில் எழுத வேண்டும். இழுப்பைத் திரைவாசிப்பானுக்குச் சொல்ல இருந்த ஏரியா கிராப்ட் (aria-grabbed), ஏரியா டிராப்எஃபெக்ட் (aria-dropeffect) இரண்டும் கைவிடப்பட்டவை, அவற்றை வைத்து எழுதாதீர்கள்.

ஒரே கோப்பில் இரண்டு பேர் வேலை செய்கிற இடத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. நகர்த்தலை ‘இங்கே அழி, அங்கே செருகு’ என்று எழுதியிருந்தால், இருவரும் ஒரே அத்தியாயத்தை ஒரே நேரத்தில் நகர்த்தும்போது அத்தியாயம் இரண்டாகிவிடும். ஒவ்வொரு தலைப்புக்கும் மாறாத அடையாளம் கொடுத்து, அதன் இடத்தை மட்டும் மாற்றுவதாக எழுத வேண்டும்.

#16 கல்லிடை

இதே கேள்வி பிடிஎஃபுக்கு? அக்ரோபாட்டில் புக்மார்க்கை இழுத்தேன், பக்கம் நகரவில்லை.

#17 வண்ணார்பேட்டை டிடிபி

நகராது. புக்மார்க்கை இழுத்தால் புக்மார்க்கின் வரிசை மட்டும்தான் மாறும். பக்கத்தை நகர்த்த சிறுபடப் பட்டியலில், முதல் பக்கத்தை கிளிக் செய்து கடைசிப் பக்கத்தை ஷிஃப்ட் கிளிக் செய்து, மொத்தமாக இழுக்கணும். பக்கத்தில் அச்சான எண் அப்படியே பழையதாகத்தான் இருக்கும். அச்சுக்குப் போகிற கோப்பென்றால் மூலக் கோப்புக்குத் திரும்பிப் போங்க, பிடிஎஃபில் ஒட்டுப் போடாதிய.

இன்டிசைனில் அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு வைத்து, புக் பேனலில் வரிசையை இழுத்தால் பக்க எண் தானாகத் தொடரும். 400 பக்கத்துக்கு மேல் அச்சு வேலைக்கு அது நிம்மதி. வேர்டில் அதே நினைப்பில் மாஸ்டர் டாக்குமெண்ட் பக்கம் போக வேண்டாம், கோப்பைக் கெடுக்கிறதில் அந்த மூதி பேர்போனது.

#18 குறுக்குத்துறை

தலைப்புகளை யூனிகோடாக்கி, செக்‌ஷன்களைக் குறைத்து, ஸ்டைல்ரெஃப் வைத்து, செல்வி அக்கா சொன்ன மூன்று இழுப்பும் ஆயிற்று. வரிசை சரி, பக்க எண் சரி. ஒன்றே ஒன்று: கன்னடியன் கால்வாயின் வரைபடம் அதன் அத்தியாயத்தோடு வராமல், இப்போது அரியநாயகிபுரத்தின் கடைசிப் பக்கத்தில் நிற்கிறது. முன்பு கன்னடியனின் முதல் பக்கத்தில் இருந்தது.

#19 அபிஷேகப்பட்டி

மிதக்கும் படம். படம் எந்தப் பக்கத்தில் தெரிகிறது என்பதல்ல, எந்தப் பத்தியில் நங்கூரம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. பழைய வரிசையில் கன்னடியனுக்கு முன்னால் இருந்தது அரியநாயகிபுரம். கன்னடியன் தலைப்புக்கு மேலே, அதே பக்கத்தில் ஒரு வெற்றுப் பத்தி கிடந்து, நங்கூரம் அதில் மாட்டியிருந்திருக்கும். தலைப்புக்கு மேலே கிடப்பது முந்தைய அத்தியாயத்தின் வாலாகத்தான் கணக்காகும், அதனால் அதோடு போய்விட்டது. படத்தை கிளிக் செய்தால் ஓரத்தில் நங்கூரக் குறி தெரியும், தெரியவில்லையென்றால் ஆப்ஷன்ஸில் ‘ஆப்ஜெக்ட் ஆங்கர்ஸ்’ டிக் போடுங்கள். குறியைப் பிடித்துக் கன்னடியனின் முதல் பத்திக்கு இழுங்கள். மற்றப் படங்களின் நங்கூரத்தையும் அத்தியாய எல்லைகளில் ஒரு பார்வை பாருங்கள். சுற்றி எழுத்து ஓட வேண்டிய அவசியமில்லாத படங்களை ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’ ஆக்கிவிட்டால், அடுத்தமுறை பத்தி போகிற இடத்துக்குப் படமும் போகும்.

#20 குறுக்குத்துறை

நங்கூரம் சுத்தமல்லியிலும் ஒன்று மாறிக் கிடந்தது. இரண்டையும் எடுத்து வைத்தாச்சு. வானவில் உரையை மாற்றுகிற வேலைக்குத் தனி இழை தொடங்குகிறேன்.